சொல்லின் வாலைப் பிடித்தால்

சென்ற இதழில் ஒரே ஈற்றில் முடியும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை மருத்துவமனைக் காகிதங்களில் காணப்படும் சொற்களைப் பற்றியே கேட்கின்றன என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். நான் மருத்துவன் அல்லேன். பல ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே சொல்லுக்கு நான் பொறுப்பு. உடம்புக்கு உங்கள் மருத்துவரே பொறுப்பு.

கேள்வி: ஐயா, என் தந்தையாருக்குச் சிறுநீரகக் கல் அடைத்துக்கொண்டதால் மருத்துவமனையில் சேர்த்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நெஃப்ராஸ்டமி' என்று எழுதியிருந்தது. அதைப் படித்த என் பெரியப்பா, "டமி என்று முடிந்தாலே உறுப்பை எடுத்துவிட்டார்கள் என்றுதான் பொருள், கிட்னியை எடுத்துவிட்டு நம்மிடம் மறைக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாட்களாக வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மருத்துவரோ அப்படி ஒன்றும் இல்லை என்கிறார். எது சரி? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் அடுப்பை மூட்டுங்கள். மருத்துவர் சொல்வதுதான் சரி. தங்கள் பெரியப்பா வாலைப் பிடித்தது நல்ல வழிதான். ஆனால் வாலின் நுனியை மட்டும் பிடித்து, அதற்கு முந்தைய ஓரெழுத்தை விட்டுவிட்டார்.

காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும் மூன்று ஈறுகள் இங்கே இருக்கின்றன. 'ஆட்டமி' என்பது ஒன்று, 'எக்டமி' என்பது இன்னொன்று, 'ஆஸ்டமி' என்பது மூன்றாவது. மூன்றும் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. 'டொமே' என்றால் கிரேக்கத்தில் வெட்டு. ஆகவே ஆட்டமி என்று முடிந்தால் வெட்டித் திறந்தார்கள் என்று மட்டுமே பொருள். 'எக்' என்றால் வெளியே. வெட்டி வெளியே எடுத்துவிட்டார்கள் என்பதுதான் எக்டமி. மூன்றாவதற்கும் வெட்டுக்கும் பிறப்பில் உறவே இல்லை. அது 'ஸ்டோமா' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஸ்டோமா என்றால் வாய். கிணற்றுக்கு வாய், மடைக்கு வாய் என்று நாம் சொல்வதுபோல, உடம்பில் உள்ளிருந்து வெளியே ஒரு வாய் வைத்தார்கள் என்பதே ஆஸ்டமி.

தங்கள் தந்தையாரின் சிறுநீரகத்தையே வைத்துப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'நெஃப்ரோஸ்' என்றால் சிறுநீரகம். நெஃப்ராட்டமி என்றால் சிறுநீரகத்தைக் கீறித் திறப்பது. நெஃப்ரெக்டமி என்றால் சிறுநீரகத்தையே அகற்றுவது. நெஃப்ராஸ்டமி என்றால் சிறுநீரகத்துக்கு வெளியே ஒரு வாய் வைப்பது. கல் அடைத்து நீர் இறங்காமல் சிறுநீரகம் வீங்கும்போது, முதுகுப்புறத் தோல் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, தேங்கிய நீரை ஒரு பைக்குள் வடியவிடுவார்கள். அடைப்பு நீங்கியபின் பெரும்பாலும் அந்தக் குழாயை எடுத்துவிடுவதும் உண்டு. தங்கள் தந்தையாரின் முதுகில் குழாயும் அதோடு இணைந்த பையும் இருந்தால், அந்தச் சொல்லின் பொருள் தங்கள் கண்முன்னேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஓரெழுத்து மாறினால் உறுப்பே போய்விடும் என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் அதே துண்டை மீண்டும் பொருத்திவிட்டால் அது கிரேனியாட்டமி. மூளை வீங்கியிருக்கிறது என்று துண்டைத் திரும்ப வைக்காமல் விட்டுவிட்டால் அது கிரேனியெக்டமி. பெருங்குடலுக்கு வயிற்றில் வாய் வைப்பது கொலோஸ்டமி. பெருங்குடலை வெட்டி அகற்றுவது கொலெக்டமி. மூச்சுக்குழாயின் விஷயத்தில் மட்டும் மருத்துவர்களே கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்கிறார்கள். வெட்டுவது ட்ரக்கியாட்டமி, வாய் வைப்பது ட்ரக்கியாஸ்டமி என்று இலக்கணம் சொன்னாலும், இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எழுதுவதைப் பார்க்கலாம். எப்படியும் வெட்டித்தானே வாய் வைக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள் போலும்.

இன்னொரு சொல்லும் தங்கள் வீட்டுக்கு வர வாய்ப்புண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன். கல்லை அகற்றும் சிகிச்சையைக் காகிதத்தில் 'நெஃப்ரோலித்தாட்டமி' என்று எழுதக்கூடும். நடுவில் இருக்கும் 'லித்தோஸ்' என்றால் கல், வால் ஆட்டமி. சிறுநீரகத்தில் வழி திறந்து கல்லை எடுத்தார்கள் என்பதே அதன் பொருள். கல்லுக்காக வெட்டுவது மிகப் பழைய தொழில். ஹிப்போகிராட்டிஸ் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ உறுதிமொழியில், கல்லால் துன்புறுவோரையும் நான் வெட்ட மாட்டேன், அதை அந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கே விட்டுவிடுவேன் என்று ஒரு வரி வருகிறது. வெட்டாமலே கல்லை வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி நொறுக்கும் முறை 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக நோயாளிக்குச் செய்யப்பட்டது. அதன் பெயர் லித்தோட்ரிப்ஸி. அங்கே வால் 'ட்ரிப்ஸி', அதாவது தேய்த்து நொறுக்குதல். வெட்டு என்ற வாலே அந்தச் சொல்லில் இல்லை என்பதைத் தங்கள் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அனாட்டமி என்பதும் டமி என்றே முடிகிறது. அதுவும் அறுவைச் சிகிச்சையா? (பிளஸ் டூ மாணவர், விருதுநகர்)

பதில்: சிகிச்சை இல்லை, ஆனால் அறுவைதான். உடலைக் கூறுகூறாக அறுத்துப் பார்த்துக் கற்பது என்பதே அனாட்டமியின் முதற்பொருள். அதே வெட்டு, அணுவைக் குறிக்கும் ஆட்டம் என்ற சொல்லிலும் இருக்கிறது: 'அ' என்ற எதிர்மறை முன்னால் நிற்க, வெட்ட முடியாதது என்று கிரேக்கர் பெயர் வைத்தார்கள். பின்னாளில் அதையும் பிளந்துவிட்டார்கள். பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. 'எபிட்டமி' என்று ஒரு சொல்லும் உண்டு. நீண்ட நூலை வெட்டிச் சுருக்கியது என்று தொடங்கி, ஒன்றுக்கு முழு இலக்கணமாக விளங்குவது என்ற பொருளுக்கு வந்தது. எழுத்தைப் பார்த்து அதை எபிடோம் என்று நானே கல்லூரி நாட்களில் பலமுறை உச்சரித்திருக்கிறேன். நம் ஊரில் சலிப்பூட்டும் பேச்சுக்காரரை 'அறுவை' என்கிறோம்; ஆங்கிலத்தில் அதற்கு டமி என்று முடியும் சொல் ஏதும் இல்லாதது அந்த மொழியின் குறைபாடே.

கேள்வி: எங்கள் ஊரில் நெஞ்சுவலி என்று போகிறவர்கள் எல்லோரும் 'ஆஞ்சியோ செய்தார்கள்' என்றுதான் திரும்பி வந்து சொல்கிறார்கள். ஒருவர் மறுநாளே வீடு திரும்பி வயலுக்குப் போய்விட்டார். இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறார். ஆஞ்சியோ என்றால் என்ன? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: ஆஞ்சியோ என்றால் ஒன்றுமே இல்லை, அது தலை மட்டும்தான். வாலைச் சொன்னால்தான் என்ன செய்தார்கள் என்பது தெரியும். 'ஆங்கெயான்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கலம், பாத்திரம் என்று பொருள். இங்கே அது இரத்தம் ஓடும் கலத்தைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழில் குருதிக்கலன் என்று எழுதுவது இதற்கு மிக நெருக்கமான சொல். ஆஞ்சியோகிராம் என்றால் அந்தக் கலனின் படம். ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் அந்தக் கலனைச் சீர்படுத்தி வடிவமைப்பது. முதலாவது சோதனை, இரண்டாவது சிகிச்சை. தங்கள் ஊரில் மறுநாளே வயலுக்குப் போனவருக்குப் படம் மட்டும் எடுத்திருக்கக்கூடும். மற்றவருக்கு அடைப்பை விரித்து, வழி மூடாமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்திருக்கக்கூடும். என் உறவினர் ஒருவருக்கு 'ஆஞ்சியோ ஆயிற்று' என்று தொலைபேசியில் கேட்டு, பெரிய சிகிச்சை முடிந்துவிட்டதென்று எண்ணிப் பழக்கூடையோடு போய் நின்றேன். சிகிச்சை மறுவாரம்தான் என்றார்கள். கூடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறுவாரம் இன்னொரு கூடை வாங்கினேன்.

நம் பேச்சில் இது ஒரு பொது வழக்கம். லேப்ரோ, எண்டோ, எக்கோ என்று தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டிவிடுகிறோம். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் நிற்பதுபோல, இந்தச் சொற்களிலும் என்ன செய்தார்கள் என்பது கடைசியில்தான் நிற்கிறது. பகுதி, விகுதி என்று பதத்தைப் பிரித்துப் பார்க்க நன்னூல் கற்றுக்கொடுத்த நாமே விகுதியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேசுகிறோம்.

கிராம் என்பது எழுதப்பட்டது, வரையப்பட்டது என்று பொருள்படும். இசிஜி என்பதன் கடைசி எழுத்தான ஜி அந்தக் கிராம்தான், மேமோகிராமும் அதுவே. சொல் 'கிராஃபி' என்று முடிந்தால் வரையும் முறை, 'கிராஃப்' என்று முடிந்தால் பெரும்பாலும் வரையும் கருவி. மளிகைக் கடையில் நூறு கிராம் கடுகு கேட்கிறோமே, அந்தக் கிராமும் இதே சொல்தான் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். எழுத்து என்ற பொருள் பிற்காலக் கிரேக்கத்தில் ஒரு சிறிய எடைக்குப் பெயராகி, பிரெஞ்சுக்காரர் வழியாகக் கடுகுக்கு வந்து சேர்ந்தது.

பிளாஸ்டி பற்றித்தான் நம்மிடையே குழப்பம் அதிகம். குழைத்து உருவம் கொடுத்தல் என்பது அதன் பொருள்; குயவர் களிமண்ணைக் குழைப்பதுபோல. பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் உடம்புக்குள் பிளாஸ்டிக் வைப்பார்கள் என்று எண்ணுகிறவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். நாம் வாளியாகவும் குடமாகவும் அறியும் பிளாஸ்டிக்குக்கு வழிவகுத்த பேக்கலைட் 1907இல் வந்தது. அதற்கு 89 ஆண்டுகளுக்கு முன்பே, 1818இல், ஜெர்மானிய மருத்துவர் கிராஃபே மூக்கைச் சீரமைப்பது பற்றி எழுதிய நூலுக்கு 'ரைனோபிளாஸ்டிக்' என்றே பெயர் வைத்திருந்தார். பொருள் குழைவதால் பிற்பாடு பிளாஸ்டிக்குக்கு அந்தப் பெயர் போயிற்றே தவிர, அறுவைச் சிகிச்சை அதனிடம் கடன் வாங்கவில்லை.

மூக்கென்றதும் நம் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவஸ்ஜி என்பவர், 1792இல் முடிந்த போரில் திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டு கழித்துப் புனேக்கு அருகே, பரம்பரையாக அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலைக் கீழே மடக்கிப் புது மூக்கு அமைத்துக் கொடுத்தார். லண்டனில் வெளிவந்த ஜென்டில்மேன்ஸ் மேகசின் 1794ஆம் ஆண்டு அக்டோபர் இதழில் அந்தச் செய்தியைப் படத்தோடு வெளியிட்டது. ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் அந்த முறையைப் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் உயிருள்ள மனிதருக்குச் செய்தார். அடைபட்ட இதயக் கலனுக்குள் பலூனை விரித்து வழியமைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் முதன்முதலாகச் செய்தது 1977 செப்டம்பரில். இரண்டுக்கும் வால் ஒன்றுதான்.

கேள்வி: என் மாமியாருக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். 'ஐட்டிஸ்' என்று முடிவதெல்லாம் கிருமியால் வருவது, ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகி, ஈரோடு)

பதில்: இல்லை. ஐட்டிஸ் என்ற ஈறு அழற்சியைச் சொல்கிறதே தவிர, அழற்சிக்கு யார் காரணம் என்பதைச் சொல்வதில்லை. கல்லீரல் அழற்சியான ஹெப்பட்டைட்டிஸ் வைரஸாலும் வரும், குடிப்பழக்கத்தாலும் வரும், சில மருந்துகளாலும் வரும்; மூன்றுக்கும் பெயர் ஒன்றே. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் உடலின் காப்பு அமைப்பே தன் மூட்டுகளைத் தாக்குகிறது. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. தங்கள் மாமியாரின் தட்டைத் தனியாக வைக்க வேண்டிய தேவை ஏதுமில்லை.

உள்ளபடியே பார்த்தால், பழைய கிரேக்கத்தில் ஐட்டிஸுக்கு அழற்சி என்ற பொருள்கூட இல்லை. 'அதற்குரிய' என்பதுதான் பொருள். மூட்டுக்குரிய நோய் என்பதை 'ஆர்த்ரைட்டிஸ் நோசோஸ்' என்றார்கள். நாளடைவில் நோசோஸ், அதாவது நோய், உதிர்ந்துபோய் மூட்டுக்குரிய என்பது மட்டும் நின்றது. 'அவருக்குச் சர்க்கரை இருக்கிறது' என்று நாம் சொல்லும்போது நோய் என்ற சொல் எங்கே போயிற்றோ, அங்கேதான் இதுவும் போயிற்று. அழற்சி என்ற பொருள் பின்னாளைய மருத்துவர்கள் ஏற்றியது. குடல்வாலின் அழற்சிக்கு அப்பெண்டிசைட்டிஸ் என்ற பெயர் 1886இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் எழுதிய கட்டுரையால் பரவிற்று.

அழற்சி என்ற தமிழ்ச் சொல் எனக்குப் பிடித்தமானது. அழல் என்றால் தீ. ஆங்கிலத்தில் இன்ஃப்ளமேஷன் என்பதற்குள்ளும் தீச்சுடர்தான் எரிகிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அதன் நான்கு அடையாளங்களை ரோமானியரான செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். பல் ஈறு வீங்கினால் வரும் ஜிஞ்சிவைட்டிஸைத் தமிழில் ஈறழற்சி எனலாம். சொல்லின் கடைசியும் ஈறு, பல்லின் அடியும் ஈறு என்பதால் இந்தப் பகுதியை எழுதுகிறவனுக்கு அது கூடுதல் மகிழ்ச்சி.

கேள்வி: தோளில் பல ஆண்டுகளாக இருந்த கட்டியை ஊசியால் சோதித்து, 'லிப்போமா' என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். 'ஓமா' என்று முடிவதால் புற்றுநோய்தானே என்று தூக்கமில்லாமல் இருக்கிறேன். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: லிப்போமா என்பது கொழுப்புக்கட்டி, அது புற்றுநோய் அல்ல. ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டு நிம்மதியாக உறங்குங்கள்.

இந்த வாலை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒரு செயலின் விளைவாக உண்டானதைக் குறிக்கும் ஈறு இது. பிற்கால மருத்துவர்கள் கட்டிகளுக்கு வரிசையாக இதை ஒட்டினார்கள். லிப்போமா, ஃபைப்ரோமா, அடினோமா ஆகியவை பெரும்பாலும் தீங்கற்ற கட்டிகள். கார்சினோமா, சார்கோமா, லிம்ஃபோமா, மெலனோமா ஆகியவை புற்றுநோய்கள். ஹீமட்டோமா கட்டியே இல்லை. அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டிக்கொள்வது. கிளாக்கோமா கண் நீர் அழுத்த நோய். கண்ணில் தெரியும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தால் அந்தப் பெயர். ட்ரக்கோமா இமையின் உட்புறம் சொரசொரப்பாவதால் வந்த பெயர். மூச்சுக்குழாயைக் குறிக்கும் ட்ரக்கியாவும் அதே சொரசொரப்பிலிருந்து வந்ததுதான். பாலிடெக்னிக்கில் வாங்கும் டிப்ளோமாவுக்கும் இதே வால். இரண்டாக மடிக்கப்பட்ட தாள் என்று அதற்குப் பொருள். அதை வாங்கியவர்கள் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

கார்சினோமாவின் தலையில் இருப்பது 'கார்கினோஸ்', நண்டு. கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாய்கள் கிரேக்கர்களுக்கு நண்டின் கால்களாகத் தெரிந்தன. அதையே லத்தீனில் கேன்சர் என்றார்கள். சோதிடர்கள் கடகம் என்று சொல்வதும் அந்த நண்டைத்தான். நம்மவர்களுக்கு அதே நோயில் தெரிந்தது புற்று. உள்ளே கறையான் அரித்துக்கொண்டிருக்க, வெளியே மேடாக எழும்பும் மண்ணைப் பார்த்துப் பழகியவர்கள் வைத்த பெயர் அது. எது பொருத்தம் என்று கேட்டால், நான் புற்றின் பக்கம்.

கேள்வி: அப்பெண்டிசெக்டமி, டான்சிலெக்டமி என்பவற்றில் முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம் என்று படித்தேன். இப்படிக் கலப்பது பிழையில்லையா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஆட்டோக்காரர் என்றும் டீக்கடை என்றும் தாங்கள் சொல்வதில்லை என்றால் பிழை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாஸ்டால்ஜியா என்ற சொல்லும் மருத்துவச் சொற்களைப் போலவே ஒலிக்கிறதே, ஏன்? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: அது மருத்துவச் சொல்லாகவே பிறந்ததால்தான். 'ஆல்ஜியா' என்றால் வலி. நரம்பு வலியை நியூரால்ஜியா என்றும், தசை வலியை மயால்ஜியா என்றும் இன்றும் எழுதுகிறார்கள். 'நோஸ்டோஸ்' என்றால் வீடு திரும்புதல். ஊர் திரும்ப முடியாத வலிக்கு இந்தப் பெயரை ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எழுதிய ஆய்வேட்டில் சூட்டினார். ஊர் ஏக்கம் என்று மக்கள் பேச்சில் இருந்ததை நோயாகக் கருதி, அதற்குக் கிரேக்க உடை மாட்டினார் என்று சொல்லலாம். பிற நாடுகளில் கூலிப்படையில் சேர்ந்திருந்த சுவிஸ் வீரர்களிடம் இந்த நோய் மிகுதி என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஹோஃபர் தம் ஏட்டில் ஒரு மாணவனைப் பற்றி எழுதியிருக்கிறார். பேர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த அவன், நாளுக்கு நாள் இளைத்துப் படுக்கையில் விழுந்துவிட்டான். ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று அவனை ஏற்றி அனுப்பினார்கள். பேர்ன் போய்ச் சேரும் முன்பே, வழியிலேயே, அவனுக்கு மூச்சு சீராகத் தொடங்கிவிட்டது.